இருப்பவரும் உடையவரும்

ஓர் இடத்தில் இருப்பவர் வேறு. அவ்விடத்தை உடையவர் வேறு. நல்ல காலத்தில் இவ்விருவருடைய உறவும் ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடும். மாதம் பிறந்தால் பணம் கைமாறும், கடை திறக்கும், வாணிகம் நடக்கும். அக்காகிதத்தை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றாது. ஆனால், இருவருள் ஒருவர் கடனில் மூழ்கித் திவாலாகிவிட்டால், அன்றுவரை பெட்டியடியில் உறங்கிக் கிடந்த காகிதத்தின் ஒவ்வொரு சொல்லும் விழித்தெழுகின்றது. கடையில் இருப்பவரை வெளியேற்ற முடியுமா, முடியுமாயின் யார் வெளியேற்றலாம், எப்போது வெளியேற்றலாம் என்னும் வினாக்கள் அப்போது பிறக்கின்றன. அவ்வினாக்களுக்குச் சட்டம் கூறும் விடைகளையும், அவ்விடைகளுக்கு அடிப்படையான நியாயத்தையும் மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துக் கூறுவதே இன்று என் நோக்கம்.

முதலில் திவால் என்பது யாது என்று பார்ப்போம். நம் ஊர்ப் பேச்சில் ‘அவன் ஐ.பி. கொடுத்துவிட்டான்’ என்பார்கள்; ‘மஞ்சள் கடிதம் வந்துவிட்டது’ என்பார்கள். அவ்வாறு சொல்லும்போது குரலில் ஓர் ஏளனமும் கலந்திருக்கும். சட்டத்தின் பார்வையில் திவால் ஏளனத்துக்கு உரியதன்று. தன் சொத்தையெல்லாம் விற்றாலும் கடனையெல்லாம் அடைக்க இயலாத நிலை ஒருவருக்கு வந்துவிட்டது. எஞ்சிய பொருளைக் கடன் கொடுத்தவர் அனைவருக்கும் முறைப்படி பகிர்ந்து கொடுக்க வேண்டும். அல்லது, தொழிலைக் காப்பாற்ற வழியிருந்தால் காப்பாற்ற வேண்டும். இவ்வளவே அதன் பொருள்.

சென்னையில் 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, வாழ்நாள் சேமிப்பையெல்லாம் அதனிடம் ஒப்படைத்திருந்த மக்கள் நிலைகுலைந்தனர். அந்த வீழ்ச்சியின் விளைவாகவே, நம்மவர் நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1909-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று மாநகரங்களுக்கும் ஒரு திவால் சட்டமும், 1920-இல் ஏனைய மாவட்டங்களுக்கு மாகாணத் திவால் சட்டமும் இயற்றப்பட்டன. கம்பெனிகளைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு இப்போது ஆட்சி செய்கின்றது. அதன்படி வழக்குகளை விசாரிப்பது தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக் கம்பெனிகளின் வழக்குகள் அதன் சென்னை அமர்வுக்குச் செல்லும்.

இச்சட்டங்கள் அனைத்துக்கும் உயிர்நாடியான கருத்து ஒன்று உண்டு. அதை நாஞ்சில் நாட்டு உழவர் எவரும் எளிதில் உணர்வர். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்து கிடக்கின்றது. அதிலே நிலவுடையாருக்குப் பங்கு உண்டு. பயிரிட்டவருக்குப் பங்கு உண்டு. அறுத்தவருக்குக் கூலி உண்டு. விதைக்குக் கடன் கொடுத்தவருக்கும் உரிமை உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் பங்கைத் தாமே கூடையில் அள்ளிக்கொண்டு போகத் தொடங்கினால் என்ன ஆகும்? வலியவன் மூட்டை கட்டுவான். எளியவன் வெறுங்கையோடு நிற்பான். ஆகவே, அளந்து முடியும்வரை ஒருவரும் பொலியைத் தொடலாகாது என்பது களத்தின் ஒழுங்கு. திவால் சட்டமும் கடனாளியின் சொத்தைச் சுற்றி அத்தகைய கோட்டைக் கிழிக்கின்றது. அளவை நடக்கும் காலத்துக்குத் தடைக்காலம் என்று பெயர்.

இனி, அந்தக் காகிதத்துக்கு வருவோம். நான் பிறந்து வளர்ந்த சிதறால் கிராமத்தில், திருச்சாரணத்து மலையைக் காண வருவோர் இறங்கும் அடிவாரத்தில், மூன்று அறைகள் கொண்ட ஒரு கட்டடம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உடைமையாளர் ஒருவர். முதல் அறையை ரப்பர் ஷீட்டு வாங்கி விற்பவருக்கு மூன்றாண்டுக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார். சாவி அவரிடமே இருக்கின்றது. இரண்டாம் அறையில் தம் முந்திரிப்பருப்புக் கடையைத் தாமே நடத்துகிறார். அந்தக் கடையின் முன்பகுதியில் அடுப்பு வைத்துத் தேநீர் விற்றுக்கொள்ள மற்றொருவருக்கு அனுமதி அளித்திருக்கிறார். தேநீர் விற்பவர் காலையில் உடைமையாளர் கதவைத் திறந்த பிறகு வருவார். மாலையில் அவர் பூட்டுமுன் போய்விடுவார். மூன்றாம் அறை பூட்டிக் கிடக்கின்றது.

ரப்பர் வணிகரும் தேநீர் விற்பவரும் மாதந்தோறும் பணம் கொடுக்கிறார்கள். வழிப்போக்கர் கண்ணுக்கு இருவரும் கடைக்காரர்களே. ஆனால், சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் வெவ்வேறு நிலையினர். முன்னவருடையது குத்தகை, நம் மாவட்டத்துப் பழைய வழக்கில் பாட்டம் என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. பின்னவருடையது உரிமம், பேச்சு வழக்கில் லைசென்ஸ். 1882-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இரண்டு சட்டங்கள் இவற்றை வரையறுக்கின்றன. சொத்து மாற்றச் சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி, குத்தகை என்பது சொத்தை அனுபவிக்கும் உரிமையையே மாற்றிக் கொடுப்பது. நில அனுபோக உரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உரிமம் என்பது, அனுமதி இல்லாவிட்டால் சட்டவிரோதமாகும் ஒரு செயலைப் பிறர் நிலத்தில் செய்ய அளிக்கும் இசைவு மட்டுமே. நிலத்தில் அது எந்த உரிமையையும் படைப்பதில்லை. குத்தகைக்காரர் அறைக்குள் அவரே அதிகாரி. உரிமத்தாரர் பிறர் வீட்டு விருந்தாளி போன்றவர். விருந்தாளி பணம் கொடுப்பதனால் வீட்டுக்காரராகிவிட மாட்டார்.

காகிதத்தின் தலைப்பில் ‘உரிமம்’ என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது. புதுதில்லி இம்பீரியல் ஓட்டலில் இரண்டு அறைகள் முடிதிருத்தும் நிலையம் நடத்துவதற்காக 1949-இல் கொடுக்கப்பட்டன. பத்திரம் தன்னை உரிமம் என்றே அழைத்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1959-இல் தீர்ந்தது. பெயரைப் பார்க்கக் கூடாது, உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்த அறைகள்மேல் தனித்த அனுபோகம் கொடுக்கப்பட்டிருப்பதால் அது குத்தகையே என்று பெரும்பான்மை நீதிபதிகள் கண்டனர். அவர்களுள் ஒருவர், முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய சுப்பா ராவ். தனித்த அனுபோகம் உரிமத்திலும் சில வேளைகளில் உண்டு. ஆதலால் அது ஒன்றே முடிந்த முடிபன்று. நிலத்தில் உரிமை ஒன்றைப் படைக்க இருவரும் கருதினரா என்பதே இறுதிக் கேள்வி.

இங்கே மாணவர்கள் ஒரு மயக்கத்தைத் தவிர்க்க வேண்டும். தேநீர்க்கடை நடத்த உள்ளாட்சி மன்றத்திடமும் பெறுவது ஓர் உரிமந்தான். ஆனால் அது தொழில் செய்வதற்கு அரசு அளிக்கும் அனுமதி. இடத்தில் இருப்பதற்கு உடைமையாளர் அளிக்கும் அனுமதி அன்று. முன்னது சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருப்பதனால், அந்தச் சுவர்மேல் கடைக்காரருக்கு உரிமை வந்துவிடாது.

இப்போது உடைமையாளர் திவாலாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தனிமனிதர், கம்பெனி அல்லர். 2016-ஆம் ஆண்டின் தொகுப்பில் தனிமனிதர்க்குரிய பகுதி, கம்பெனிக் கடன்களுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆதலால் சாதாரண வணிகர் ஒருவர் நீதிமன்றத்தை அணுகும்போது, 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தையே நாட வேண்டியிருந்து வந்திருக்கின்றது. அச்சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, ஒருவர் திவாலானவர் என அறிவிக்கப்பட்டவுடன் அவருடைய சொத்து நீதிமன்றத்தைச் சார்ந்துவிடும். அல்லது நீதிமன்றம் அமர்த்தும் சொத்துக் காப்பாளரைச் சார்ந்துவிடும். காப்பாளர் சிதறாலுக்கு வந்து மூன்று அறைகளையும் பார்வையிடுகிறார். காலியாக இருந்தால் கட்டடம் நல்ல விலை போகும். ‘அனைவரும் வெளியேறுங்கள்’ என்று அவர் கட்டளையிட முடியுமா?

இதற்கு 56-ஆம் பிரிவு விடை கூறுகின்றது. திவாலானவரின் சொத்து யார் கையில் இருந்தாலும் அவரை அப்புறப்படுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அது முதலில் சொல்லுகின்றது. உடனே ஒரு வேலியையும் போடுகின்றது: யாரை அப்புறப்படுத்தத் திவாலானவருக்கே அன்றைய நிலையில் உரிமை இல்லையோ, அவரை இப்பிரிவின்கீழ் நீதிமன்றமும் அப்புறப்படுத்தலாகாது. இச்சிறிய வேலியில் ஒரு பெரிய நீதி அடங்கியிருக்கின்றது. காப்பாளர் திவாலானவரின் காலணிக்குள் கால் வைக்கிறவர். அவரைவிட உயரமானவராகிவிட மாட்டார். கடனாளியின் வறுமை, அவர் பிறருக்குக் கொடுத்துவிட்ட உரிமையைத் திரும்பப் பறிக்கும் ஆயுதம் ஆகாது.

இவ்விதியை நம் மூன்று அறைகளுக்கும் பொருத்திப் பாருங்கள். ரப்பர் வணிகருக்குக் குத்தகைக் காலம் எஞ்சியிருக்கின்றது. அவர் தவறாமல் பணம் கட்டி வருவாராயின், அவரை இன்று வெளியேற்ற உடைமையாளருக்கு உரிமை இல்லை; காப்பாளருக்கும் இல்லை. கட்டடத்தை விலைக்கு வாங்குகிறவர் அக்குத்தகையோடுதான் வாங்க வேண்டும். தேநீர் விற்பவர் நிலை அத்தகையதன்று. உரிமத்தை உடைமையாளர் திரும்பப் பெற இயலும். ஆகவே காப்பாளராலும் இயலும். சொத்தை வாங்குகிறவரை உரிமம் கட்டுப்படுத்தாது என்று 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவும் தெளிவாகக் கூறுகின்றது. பூட்டிக் கிடக்கும் மூன்றாம் அறையைப் பற்றிப் பேச்சே இல்லை. சாவியை ஒப்படைக்க வேண்டியதுதான்.

எனினும், உரிமத்தாரரைச் சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. அவர் அனுமதியை நம்பித் தம் செலவில் நிலையான கட்டட வேலை ஒன்றைச் செய்திருந்தால், அவ்வுரிமத்தை எளிதில் திரும்பப் பெற முடியாது என்கின்றது 60-ஆம் பிரிவு. உரிமம் திரும்பப் பெறப்பட்டாலும், தம் அடுப்பையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு வெளியேற நியாயமான அவகாசம் உண்டு என்கின்றது 63-ஆம் பிரிவு. பணம் கொடுத்துப் பெற்ற உரிமத்தின் காலம் முடியுமுன், தம் தவறு ஏதுமின்றி வெளியேற்றப்பட்டால், உரிமம் அளித்தவரிடமிருந்து இழப்பீடு பெறலாம் என்கின்றது 64-ஆம் பிரிவு. ஆனால், இழப்பீடு தர வேண்டியவரே திவாலாகிவிட்டார் அல்லவா? ஆகவே அத்தொகையும், அவர் முன்பணமாகக் கொடுத்துவைத்த அட்வான்ஸும், மற்றக் கடன்களோடு வரிசையில் நிற்கும் ஒரு கோரிக்கையாகிவிடும். ரூபாய்க்கு எத்தனை காசு கிடைக்கும் என்பது பொலியின் அளவைப் பொறுத்தது. கடைக்காரர்கள் பெருந்தொகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, ‘அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறவரை நம்மை யார் அசைக்க முடியும்?’ என்று நினைப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். அட்வான்ஸ் ஒரு கடன். அது இடத்தில் வேரூன்றச் செய்யும் உரிமை அன்று.

இன்னொன்றும் நினைவில் இருத்த வேண்டும். வெளியேற்றும் உரிமை இருப்பது வேறு. அதைத் தம் கையாலேயே நிறைவேற்றுவது வேறு. இரவோடு இரவாகப் பூட்டை மாற்றுவதும், சாமான்களைத் தெருவில் எறிவதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும் முறையன்று. சட்ட வழியன்றித் தம் அனுபோகம் பறிக்கப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து அதை மீட்கலாம் என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் 6-ஆம் பிரிவில் கூறுகின்றது. உணவு விடுதித் தொழில் நடத்தும் அனுமதியின் காலம் முடிந்த பிறகும் இடத்தில் இருந்த ஒருவரைப் பற்றிய வழக்கில், நிலைபெற்ற அனுபோகத்தில் இருப்பவரை நீதிமன்ற வழியாகவே அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் உரைத்தது. உரிமம் செத்த பின்னும், உரிமத்தாரர் மனிதராகவே நிற்கிறார்.

இனி, படத்தைத் திருப்பிப் பார்ப்போம். இடத்தை உடையவர் நலமாக இருக்கிறார். அவ்விடத்தில் இருக்கும் கம்பெனிதான் திவாலாகின்றது. அது பல மாதம் வாடகை கட்டவில்லை. ‘என் இடம் எனக்கு வேண்டும்’ என்கிறார் உடையவர். இதைவிட நியாயமான வேண்டுகோள் வேறு உண்டா என்று உங்களுக்குத் தோன்றும். ஆயினும் 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 14-ஆம் பிரிவு அவரைப் பொறுத்திருக்கச் சொல்லுகின்றது. தீர்ப்பாயம் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட நாள் முதல் தடைக்காலம் தொடங்குகின்றது. கடனாளிக் கம்பெனி குடியிருக்கின்ற, அல்லது அதன் அனுபோகத்தில் இருக்கின்ற சொத்தை, உடையவரோ குத்தகைக்கு விட்டவரோ அக்காலத்தில் மீட்டுக்கொள்ள இயலாது. காரணம் எளிது. தொழிற்சாலை நிற்கும் இடத்தைப் பறித்துவிட்டால், தொழிலைக் காப்பாற்றுவது எவ்வாறு? மரத்தைப் பிழைக்க வைக்க முயலும்போது அடிமண்ணை அகழ்ந்து கொண்டுபோக யாரும் இடம் கொடார்.

‘குத்தகைக்காரருக்கு இது சரி; வெறும் உரிமம் பெற்றவருக்கும் இப்பாதுகாப்பு உண்டா?’ என்னும் கேள்வி மும்பையில் எழுந்தது. அதன் வரலாற்றைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். மும்பை கோரேகாவில் சித்தார்த்த நகர் என்னும் குடியிருப்பு இருந்தது. மக்கள் அதைப் பத்ரா சால் என்று அழைப்பர். அங்கே 672 குடியிருப்புகள்; நிலம் மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியமாகிய மகாடாவுக்கு உரியது. பழைய வீடுகளை அகற்றி, அங்கே வாழ்ந்தவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டித் தரவும், எஞ்சிய பகுதியில் விற்பனைக்குரிய வீடுகள் கட்டவும், குடியிருப்போர் சங்கமும் மகாடாவும் குரு ஆசீஷ் என்னும் கட்டுமானக் கம்பெனியும் 2008 ஏப்ரல் 10-ஆம் நாள் முத்தரப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. நிலத்தில் நுழைந்து கட்டுவதற்குக் கம்பெனிக்கு உரிமம் மட்டுமே அளிக்கப்பட்டது.

ஆண்டுகள் கழிந்தன, வீடுகள் எழவில்லை. கம்பெனி கடனில் வீழ்ந்தது. வங்கி ஒன்றின் விண்ணப்பத்தின் பேரில் 2017 ஜூலை 24-இல் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கையைத் தொடங்கியது. மகாடா 2018 ஜனவரியில் ஒப்பந்தத்தை முறித்து, நிலத்தைத் திருப்பித் தருமாறு அறிவிப்புக் கொடுத்தது. கம்பெனிக்கு நிலத்தில் எவ்வித உரிமையும் இல்லை, உரிமம் மட்டுமே உண்டு, ஆகவே தடைக்காலம் இதைக் காக்காது என்பது மகாடாவின் வாதம். தீர்ப்பாயமும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதன் பக்கமே நின்றன. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 19-இல் வேறு முடிவு கண்டது. சட்டத்தில் ‘அனுபோகத்தில் இருக்கின்ற’ என்னும் சொல்லோடு ‘குடியிருக்கின்ற’ என்னும் சொல்லும் தனியே வைக்கப்பட்டிருக்கின்றது. குடியிருப்பது என்பது மெய்யாகவே அவ்விடத்தில் இருப்பது. அதற்கு நிலத்தில் உரிமை வேண்டுவதில்லை. ஆகவே தடைக்காலம் முடியும்வரை மகாடா நிலத்தை மீட்கலாகாது என்றது நீதிமன்றம்.

சட்ட நூலைப் படிப்பவர் இங்கே நிறுத்திவிடலாம், நாம் நிறுத்தலாகாது. வீட்டை விட்டு வெளியே போன அந்தக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். நிலவுடைமை வாரியத்தின் நியாயம் ஒரு தட்டில். கடன் கொடுத்தோர் நியாயம் மற்றொரு தட்டில். இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவையே. தராசு ஆடிக்கொண்டிருந்த காலமெல்லாம் அக்குடும்பங்கள் பிறர் வீடுகளில் வாழ்ந்தன. பின்னர் மாநில அரசின் முடிவின்படி, 2022-ஆம் ஆண்டிலேதான் மகாடா அங்கே கட்டட வேலையை மீண்டும் தொடங்கியது. தடைக்காலம் என்பது ஒரு சொல். அதன் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் காத்திருக்கும் நாள்.

இதனை உணர்ந்தே சட்டம் தடைக்காலத்துக்கு எல்லையும் வகுத்திருக்கின்றது. முதலில் 180 நாள். தேவையானால் மேலும் 90 நாள். வழக்குகளுக்குச் செல்லும் காலத்தையும் சேர்த்து 330 நாளுக்குள் முடிய வேண்டும் என்று 2019-இல் திருத்தம் செய்யப்பட்டது. விதிவிலக்கான நிலைகளில் இவ்வெல்லையைத் தாண்டலாம் என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரிலேயே கூறிவிட்டமையால், நடைமுறையில் காத்திருப்பு நீள்வதும் உண்டு. மீட்புத் திட்டம் ஏற்கப்பட்டாலும், கம்பெனியைக் கலைக்க ஆணையிடப்பட்டாலும், 14-ஆம் பிரிவின் தடை நீங்கிவிடும். கலைக்கப்படும்போது, பிறருக்குச் சொந்தமான சொத்து கடனாளியின் சொத்தோடு சேர்த்து விற்கப்படலாகாது என்று 36-ஆம் பிரிவு விலக்கி வைக்கின்றது.

காத்திருக்கும் உடைமையாளருக்கு அதுவரை பணம் உண்டா? உண்டு. பழைய பாக்கி வேறு, புதிய வாடகை வேறு எனப் பிரித்துக்கொள்ளுங்கள். திவால் நடவடிக்கை தொடங்குமுன் நின்றுபோன பாக்கி, மற்றக் கடன்களோடு வரிசையில் நிற்கும். தடைக்காலத்தில் இடத்தை மீட்க முடியாமையால் உடையவருக்குச் சேர வேண்டிய தொகையோ, நடவடிக்கையின் செலவாகக் கணக்கிடப்பட்டு, ஏனைய கடன்களுக்கு முன்னதாகக் கொடுக்கப்பட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. களத்தில் பொலியைக் காவல் காத்தவனுக்குக் கூலியை முதலில் அளந்துவிடுவது போன்றது இது. உரிமக் கட்டணப் பாக்கி, திவால் விண்ணப்பம் செய்வதற்குரிய தொழில்முறைக் கடனாகுமா என்பதிலும் ஐயம் இருந்தது. கல்வித் தொழில் நடத்துவதற்காக உரிமத்தில் விடப்பட்ட இடத்தின் கட்டணம் அத்தகைய கடனே என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெரிய அமர்வு 2022 ஜூலை 5-இல் முடிவு செய்தது.

தடைக்காலம் என்னும் குடைக்கும் ஓரம் உண்டு. அதற்கு வெளியே மழை பெய்யத்தான் செய்யும். சென்னைத் தீர்ப்பாயத்தில் 2018-இல் திவால் நடவடிக்கைக்கு உட்பட்ட டிஃபின்ஸ் பேரைட்ஸ் என்னும் கம்பெனிக்குக் கர்நாடகத்தில் ஒரு சுரங்கக் குத்தகை இருந்தது. அதனை நீட்டித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பாயம் அரசுக்கு ஆணையிட முடியாது என்று 2019 டிசம்பர் 3-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைவசம் இருப்பதைக் காப்பது ஒன்று; இல்லாத உரிமையைப் புதிதாகப் படைத்துக் கொடுப்பது மற்றொன்று. மற்றொரு வழக்கில், தேர்வுகள் நடத்துவதற்கேற்ற இடவசதியை ஒரு கம்பெனி டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸுக்கு அளித்து வந்தது. இடத்தை அளித்த கம்பெனி திவாலாயிற்று. வசதிகளில் குறைபாடு என்று சொல்லி ஒப்பந்தத்தை டாட்டா கம்பெனி முறித்துக்கொண்டது. அம்முறிவு திவாலைக் காரணமாகக் கொண்டதன்று. ஆகவே தீர்ப்பாயம் அதைத் தடுக்கலாகாது என்று 2021 நவம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உரிமம் பெற்ற இடத்தில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தி இருத்தவும் திவால் சட்டம் எப்போதும் உதவாது என்பது இதனால் விளங்கும்.

வானில் பறக்கும் பொருளுக்கும் இவ்வினா வந்ததுண்டு. கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனி 2023 மே மாதத்தில் தடைக்காலத்துள் வந்தபோது, விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்த அயல்நாட்டார் அவற்றை மீட்க முடியாமல் தவித்தனர். அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள், விமானங்களுக்கும் அவற்றின் எஞ்சின்களுக்கும் தடைக்காலத்திலிருந்து மைய அரசு விலக்கு அளித்தது. வலிமை மிக்க குத்தகையாளர்கள் குரல் எழுப்பினால் சட்டம் விரைவில் அசைகின்றது. மலையடிவாரத்துக் கடைக்காரருக்கும், சித்தார்த்த நகரத்துக் குடும்பத்துக்கும் அவ்வளவு உரத்த குரல் இல்லை. ஆகவே அவர்களுக்கு அறிவே துணையாக வேண்டும்.

அவ்வறிவை நான் நான்கு வினாக்களில் அடக்கிச் சொல்லுவேன். திவாலானவர் யார், இருப்பவரா, உடையவரா? இருப்பவருடைய உரிமை குத்தகையா, உரிமமா? அதன் காலம் முடிந்துவிட்டதா, எஞ்சியிருக்கின்றதா? கேட்கப்படும் பணம் தடைக்காலத்துக்கு முந்தியதா, பிந்தியதா? இந்நான்குக்கும் விடை தெரிந்தால், வெளியேற்ற முடியுமா என்னும் ஐந்தாம் வினாவுக்குப் பெரும்பாலும் விடை தானே வந்துவிடும். விடை தெரிந்தவர் அட்வான்ஸ் கொடுக்குமுன் காகிதத்தைப் படிப்பார். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்வார். எதிர்த்தரப்பின் திவால் செய்தி கேட்டவுடன் குறித்த நாளுக்குள் தம் கோரிக்கையை எழுதிக் கொடுப்பார்.

உங்களுள் பலர் நாளை வணிகராகலாம், சிலர் வழக்குரைஞராகலாம், ஒருவரேனும் நீதிபதியாகலாம். எப்பதவியில் இருந்தாலும், ஒரு கடையின் கதவை மூடுமாறு ஆணை பிறப்பிக்கும் நேரம் வந்தால், 1920-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட அக்கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறப்பியுங்கள்: இவரை இன்று வெளியேற்றும் உரிமை உண்மையிலேயே நமக்கு இருக்கின்றதா? இருக்கின்றது என்று விடை வந்தாலும், அவர் தம் அடுப்பை அணைத்துப் பாத்திரங்களைக் கட்டிக்கொள்ள ஓரிரு நாள் கொடுப்பதனால் கடன் கொடுத்தோர் எவரும் ஏழையாகிவிட மாட்டார்கள்.